கீலாகர் புகுந்த கணினி: பாஸ்வேர்டை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

ஒரே வாரத்தில் மெயில் பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் ஓரிரு நாளில் "புதிய சாதனத்தில் இருந்து உள்நுழைவு" என்ற எச்சரிக்கை வந்து நின்றது. மூன்றாவது தடவைதான் மண்டையில் உறைத்தது: மாற்றியதெல்லாம் அதே கணினியில் உட்கார்ந்துதான். தட்டுவதை எல்லாம் ஒருவன் எழுதிக்கொண்டிருக்க, புது பாஸ்வேர்டையும் நானே அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ரகசியமாகப் பதிந்து திருடனுக்கு அனுப்பும் இந்த நிரலுக்குத்தான் கீலாகர் என்று பெயர். எப்படி உள்ளே வந்தது? பழைய கோப்பு ஒன்றை யூனிகோடுக்கு மாற்ற எங்கோ தேடி இறக்கிய எழுத்துரு மாற்றி. "ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும், அணைத்துவிட்டு நிறுவவும்" என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அணைத்தேன். அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பக்கத்தை மூடியிருக்க வேண்டும்.

கீழே இருப்பது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். அட்மின் கணக்கில் நுழைவது, செட்டிங்ஸ் திறப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இணையத்தைத் துண்டியுங்கள்

வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் உருவுங்கள். கீலாகர் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கட்டும், வெளியே அனுப்ப முடியாது.

டெஸ்க்டாப் என்றால் அப்படியே பின்பக்கமும் எட்டிப் பாருங்கள். கீபோர்டு ஒயருக்கும் யூஎஸ்பி துளைக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஏதாவது செருகி இருக்கிறதா? அது வன்பொருள் கீலாகராக இருக்கலாம். அதை எந்த ஸ்கேனும் பிடிக்காது, கையால் பிடுங்கினால்தான் உண்டு. இது பழைய தந்திரம். மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறிகளுக்குள் இப்படிப்பட்ட ஒட்டுக்கேட்கும் கருவிகளை 1984-இல் கண்டுபிடித்தார்கள்.

படி 2: போனில் இருந்து பாஸ்வேர்டு மாற்றம்

போன் அல்லது சுத்தமான வேறொரு கணினி. முதலில் மெயில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் ரீசெட் லிங்க் எல்லாம் அங்கேதான் வந்து விழும். அடுத்து வங்கி. பிறகு மற்றவை.

பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. இந்த வகை நிரல்கள் பல பிரவுசரின் குக்கீகளையும் (நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறோம் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. அதனால் "எல்லா சாதனங்களில் இருந்தும் வெளியேறு" என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள். இரண்டடுக்கு சரிபார்ப்பையும் போடுங்கள். எனக்கு எஸ்எம்எஸ்ஸை விட போனிலேயே ஒருமுறை எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்தான் பிடிக்கும்.

மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு எண் மூன்றையும் பாருங்கள். நான் போடாத ஃபில்டர் ஒன்று என் மெயிலில் இருந்தது: வங்கியிடம் இருந்து வருவதை எல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

படி 3: ஸ்கேனுக்கு முன் விலக்குப் பட்டியல்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது பாஸ்வேர்டும் போனதும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட்டினேன். இரண்டு மணி நேரம் ஓடி, பச்சை டிக் போட்டு, அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்றது. அதை நம்பித்தான் மூன்றாவது பாஸ்வேர்டை அதே கணினியில் தட்டினேன்.

டிஃபெண்டர் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்த இடத்தை அது பார்க்கவில்லை, அவ்வளவுதான். நிறுவும்போது "யெஸ்" அழுத்தி நாம் அட்மின் அனுமதி கொடுத்துவிடுகிறோம் அல்லவா? அது கிடைத்தால் போதும், பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் ஒரே வரியில் எந்த ஃபோல்டரையும் ஸ்கேனில் இருந்து விலக்கிவிடலாம். திரையில் ஒன்றும் தெரியாது.

பார்க்கும் வழி: விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷனுக்குள் போய், மேனேஜ் செட்டிங்ஸை அழுத்தி, அடிவரை உருட்டுங்கள். கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். அதில் ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்க்ளூஷன்ஸ்.

சாதாரண வீட்டுக் கணினியில் இந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டு வரி இருந்தன. ஒன்று, நிரல்கள் தங்கள் கோப்புகளைப் போட்டுவைக்கும், என் பயனர் கணக்கின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ரோமிங் ஃபோல்டர் முழுவதும். இன்னொன்று, எக்ஸ்இ என்ற கோப்பு வகையே, அதாவது ஓடக்கூடிய நிரல்கள் எல்லாம். வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, வருகிற ஆள் யாரையும் பார்க்காதே என்று சொன்ன கதை. நீங்கள் போடாத வரி எதுவானாலும் நீக்குங்கள்.

இதற்குப் பிறகுதான் ஸ்கேன். வைரஸ் பட்டியல் பழையதாக இருந்தால் பயனில்லை என்பதால், இணையத்தை ஐந்து நிமிடம் மட்டும் இணைத்து, டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டுத் துண்டியுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கீபோர்டைத் தொடாதீர்கள், மவுஸ் போதும்.

ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஃபுல் ஸ்கேனை விட ஆஃப்லைன் ஸ்கேனைத்தான் சொல்வேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். ஒளிந்துகொள்ளும் நிரலுக்கு அப்போது ஒளிய வழி குறைவு. சுமார் 15 நிமிடம்தான். முடிவு ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். எனக்கு இரண்டு கோப்புகள் சிக்கின, இரண்டும் அந்த ரோமிங் ஃபோல்டரில்.

இன்னொரு ஸ்கேனரையும் வைத்து உறுதிசெய்துகொள்ள மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போதும். அதற்கு மேல் நான்கைந்து ஆன்டிவைரஸை அடுக்காதீர்கள், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

படி 4: ஆட்டோரன்ஸ்

டாஸ்க் மேனேஜரை முறைத்துப் பார்ப்பது வீண் வேலை என்பேன். விண்டோஸின் சொந்தப் பெயர்களையே திருடர்களும் வைத்துக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது, கணினியில் தானாகவே தொடங்கி ஓடுபவற்றை எல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும், இலவசம், நிறுவவும் வேண்டாம். சுத்தமான கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். அட்மினாக ஓட்டி, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டால் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கும்.

லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் இரண்டு டேப்களையும் பாருங்கள். இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியிட்டவர் யார் என்று உறுதியாகவில்லை. மஞ்சள் என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை. ஸ்கேனில் கோப்பு போன பிறகும் "அப்டேட்டர்" என்ற பெயரில் ஒரு டாஸ்க் எனக்கு மஞ்சளில் நின்றது. சந்தேகமானதை உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள். பிரின்டர் வேலை செய்யாமல் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் (போட வேண்டி வந்தது).

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு பார்வை பாருங்கள். எல்லா இணையதளங்களையும் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன் நினைத்தால் அதுவே ஒரு கீலாகர்தான்.

படி 5: துடைத்துப் போடுவதா?

வங்கி வேலை நடந்த கணினி என்றால், ஆமாம். இத்தனை செய்த பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை, விண்டோஸைப் புதிதாகவே போட்டேன். சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து, 8 ஜிபி பென்டிரைவில் தயாரித்துக்கொள்ளுங்கள். ஆவணம், படம் மட்டும் எடுத்து வையுங்கள். பழைய செட்டப் கோப்புகள் ஒன்றுகூட வேண்டாம். எடுக்கும் முன் எக்ஸ்புளோரரில் கோப்பு வகை தெரியும்படி செய்தால், படம் என்ற வேஷத்தில் இருக்கும் எக்ஸ்இ கண்ணில் படும்.

பின்னர் சேர்த்தது

திரையில் வரும் கீபோர்டில் மவுஸால் தட்டினால் தப்பிக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். முடியாது. பல கீலாகர்கள் திரையைப் படம் பிடிக்கும், காப்பி செய்வதையும் எடுத்துக்கொள்ளும்.

ஒருவருக்கு ஆஃப்லைன் ஸ்கேன் தொடங்கும்போது நீலத் திரையில் பிட்லாக்கரின் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கேட்டு நின்றுவிட்டதாம். பயப்பட வேண்டாம், அது 48 இலக்க எண். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். படி 2-இல் போன் கையில் இருக்கும்போதே அதையும் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.