கணினி நாடுகள் கோமாளித்தனம் செய்யாமலிருக்க: மோட் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏஐ நாடுகள் வரலாற்றுப்படி நடக்கவே மாட்டேன் என்கின்றன." ஒரு நாட்டையே ஆளும் வரலாற்று விளையாட்டுகளான கிராண்ட் ஸ்ட்ராட்டஜி கேம்களுக்கு மோட் (கேமை மாற்றியமைக்கும் கோப்புகள்) எழுதுவோரின் தீராத புலம்பல் இது. ஏஐ நாடுகள் என்றால் கணினியே ஆடும் நாடுகள். உடனே கை போவது எடைகளை, அதாவது ஒவ்வொரு தேர்வுக்கும் ஏஐ தரும் முன்னுரிமை எண்களை, ஏற்றத்தான். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாட்டுக்கு 30 முக்கிய முடிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வரலாற்று வழியில் போக 95% வாய்ப்பு தந்திருக்கிறீர்கள். முப்பதும் அப்படியே அமைய 0.95-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும்: சுமார் 21%. ஐந்து ஆட்டத்தில் நாலு எங்கேயாவது விலகத்தான் செய்யும். அதைப் பிழையென்று எண்ணி எல்லாவற்றையும் இறுக்கினால், ஆட்டக்காரர் ஓரிடத்தில் கை வைத்ததுமே நாடு கண்ணைக் கட்டிக்கொண்டு பழைய பாதையில் நடக்கும். அன்று அந்த அரசு இருந்த நிலையில் இப்படிச் செய்திருக்குமா? சோதிக்க வேண்டியது இதைத்தான்.

தேதியில் கட்டிப்போடுவது முதல் தவறு. பர்கண்டியின் ஆட்சியாளர் சார்லஸ் 1477 ஜனவரி 5-இல் நான்சிப் போரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் மேரி அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியனை மணந்தார். நெதர்லாந்துப் பகுதிகள் அந்த வம்சத்துக்குப் போயின. நிகழ்வைத் தொடங்கிவைக்கும் நிபந்தனையான டிரிகரில் வெறுமனே '1477' என்று எழுதிவிட்டால், அரசர் மூன்று மகன்களோடு நலமாக இருக்கும்போதே நாடு பங்கு பிரியும். ஆட்சியாளர் மரணம், ஆண் வாரிசின்மை, பெண் வாரிசு இருப்பது, பெண் கேட்கும் நிலையில் அண்டை வம்சம் இருப்பது ஆகியவற்றை நிபந்தனையாக எழுதுங்கள். ஆண்டு வரம்பு 1450 முதல் 1550 வரை தாராளமாக இருக்கட்டும். 'மீன் டைம் டு ஹாப்பன்' (நிகழ்வு வருவதற்கான சராசரிக் காலம்) 120 மாதம் என்றால் பத்தாம் ஆண்டில் ஈவென்ட், அதாவது அந்த நிகழ்வு, வந்தே தீரும் என்று நம்புவதும் இதே ரகம். அது முதல் மாதமே வரலாம், 25 ஆண்டாகியும் வராமல் போகலாம். வந்தே ஆக வேண்டுமென்றால் அரசர் இறந்ததுமே ஈவென்ட் ஓடும்படி அந்த மரணத்திலேயே கொக்கி போட்டுவிடுங்கள்.

எடைகளில் இரண்டு கண்ணிகள் உண்டு. தேர்வுக்கு 100 என்று போட்டால் அது நூறு சதவீதமாகிவிடாது; மூன்று தேர்வுக்கும் 100 போட்டிருந்தால் தலா மூன்றில் ஒரு பங்குதான். இன்னொன்று வரிசை. இரண்டாம் உலகப் போர்க் கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் மாற்றிகள் (எடையைக் கூட்டும், பெருக்கும் வரிகள்) மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படுகின்றன. பூஜ்ஜியத்தால் பெருக்கும் வரிக்குக் கீழே இன்னொரு வரி 20-ஐக் கூட்டினால், நீங்கள் தடுத்த ஃபோகஸுக்கு (நாடு தேர்ந்தெடுக்கும் தேசியத் திட்டம்) மறுபடி உயிர் வந்துவிடும். தடுக்கும் வரியைக் கடைசியில் வையுங்கள்.

அதே கேமில் ஃபோகஸின் முடிவில் 'போலந்தோடு பகை, மதிப்பு 200' என்று ஏஐக்கு ஓர் உத்தியைச் சேர்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்தது தானாகப் போகாது. ஆட்சி மாறி, போலந்து கூட்டாளியான பிறகும் அந்த நாடு அதன்மேல் உறுமிக்கொண்டே இருக்கும். உத்தியைத் தனிக் கோப்பில் எழுதுங்கள்; தொடங்கும் நிபந்தனையோடு கைவிடும் நிபந்தனையும் கட்டாயம் இருக்கட்டும்.

பலருக்குக் கண்ணில் படாதது, ஏஐக்கு இருக்கும் ஞானதிருஷ்டி. 1940 மே மாதம் பிரான்ஸ் தன் நல்ல நடமாடும் படைகளை பெல்ஜியத்துக்குள் அனுப்பியது. ஏழாம் படை நெதர்லாந்தின் பிரெடா வரை ஓடியது. ஆர்டென் காடுகளுக்கு எதிரே நின்றவை பலவீனமான டிவிஷன்கள். மே 13-இல் ஜெர்மானியர் செடானில் மியூஸ் ஆற்றைக் கடந்தனர். எதிரி டிவிஷன்களை உள்ளபடி எண்ணிப் பார்த்துப் படை ஒதுக்கும் ஏஐ இந்தத் தவறைச் செய்யவே செய்யாது. ஆகவே போர்முனைகளுக்கான எடையை அன்றைய எதிர்பார்ப்புப்படி கொடுங்கள்: பெல்ஜிய முனைக்கு அதிகம், ஆர்டெனுக்குக் குறைவு. கோடு உடைந்த பிறகே எடை மாறட்டும், அதுவும் சில நாள் தாமதத்தோடு.

தூரமும் அப்படித்தான். 1529 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கிளம்பிய ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் படை வியன்னாவை அடைந்தபோது செப்டம்பர் கடைசி. அக்டோபர் நடுவில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. கேமில் ஒட்டோமான்கள் பாரிஸ் வரை போகிறார்கள் என்றால் அவர்களின் போர்த்திறனைக் குறைக்கிறோம், ஆஸ்திரியாவுக்கு ரகசிய போனஸ் கொடுக்கிறோம். சோம்பேறி வைத்தியம். தலைநகரத் தூரத்தோடும் குளிர்காலத்தோடும் வழங்கல் இழப்பை (உணவும் ஆயுதமும் போய்ச் சேராததால் படை தேய்வதை) கூட்டினால், அவர்கள் ஹங்கேரியில் பலமாகவும் அதற்கப்பால் மூச்சு வாங்கியும் நிற்பார்கள்.

சமாதானப் பேச்சில் ஏஐ பெரும்பாலும் அள்ளிக்கொள்ளத்தான் பார்க்கும். 1866-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவை வென்றும் ஆஸ்திரியாவின் சொந்த நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தனக்கென எடுக்கவில்லை. வெனிஷியா இத்தாலிக்குப் போனது. ஆனால் ஹானோவரை விடவில்லை. பிராண்டன்பர்க்கையும் ரைன் மாகாணங்களையும் பிரித்து நடுவே கிடந்த நிலம் அது. உங்கள் ஏஐக்கும் இந்த இரண்டும் வேண்டும்: பிரிந்த நிலங்களை இணைக்கும் மாகாணத்துக்குக் கூடுதல் மதிப்பு, நாளை நண்பனாக வேண்டியவனிடம் பிடுங்குவதற்குக் கூடுதல் விலை.

சோதனையில், ஒரே ஓட்டத்தைப் பார்த்து எண்களைத் திருத்த உட்காராதீர்கள். கேமுக்குள் கட்டளை எழுதும் கன்சோலில் 'அப்சர்வ்' (ஆடாமல் வேடிக்கை மட்டும் பார்க்கும்) கட்டளை கொடுத்து, குறைந்தது 20 ஓட்டங்கள் விடுங்கள். ஒவ்வொன்றிலும் அதே தேதியில் எல்லைகளையும் கூட்டணிகளையும் அட்டவணையில் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். 20% வாய்ப்புள்ள நிகழ்வுகூட 10 ஓட்டங்களில் ஒருமுறையும் தலைகாட்டாமல் போக ஏறத்தாழ 11% வாய்ப்பிருக்கிறது. பத்தைப் பார்த்து "இது வரவே வராது" என்று எடையை ஏற்றுவது அவசரம். அப்சர்வ் ஓட்டங்களில் ஆட்டக்காரர் இல்லை என்பதால், கடைசியாகச் சில ஓட்டங்களில் நீங்களே நுழைந்து, போலந்தை 1937-லேயே ஜெர்மனியின் கூட்டாளியாக்கிவிட்டு, அந்த 200 பகை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.