மண் ஆப்பிள் என்றால் உருளைக்கிழங்கு இல்லை: பழைய ஆங்கிலத்தில் பழம், புதர்ப் பெயர்களைப் படிக்கும் வழி

பழைய ஆங்கிலம் என்றதும் பலர் ஷேக்ஸ்பியரை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அவர் அவ்வளவு பழசே இல்லை. நாம் பார்க்கப்போவது ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டிலிருந்து 1100 வரை இங்கிலாந்தில் புழங்கிய மொழி. 1066இல் பிரான்சின் வடக்கிலிருந்து நார்மன்காரர்கள் படையெடுத்து வந்த பிறகுதான் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாய்ப் புகுந்தன. ஃப்ரூட் என்ற சொல்லே அப்படிப் பிரெஞ்சு வழியாக வந்ததுதான். அதற்கு முன்னால் பழத்துக்கு 'ஒவெட்' என்று ஒரு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் இருக்கும் 'ஓப்ஸ்ட்' அதன் பங்காளி.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள்

கண்ணால் மட்டும் பார்த்தால் பயம்தான் வரும். ஒரு நேர்கோட்டின் நடுவில் தொப்பை வைத்தது போல ஓர் எழுத்து வரும். அதன் பெயர் 'தோர்ன்', அதாவது முள். நம் 'த'வை நாக்கு நுனியில் காற்றோடு சொன்னால் அதன் ஒலி கிடைத்துவிடும். அப்புறம் 'ஜி' எழுத்து 'இ', 'எ' பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் 'ய' என்று ஒலிக்கும். அதனால்தான் எழுத்தில் 'பெரிகெ' போலத் தெரிவது வாயில் 'பெரியெ' ஆகி, இன்றைய பெர்ரியாகக் காதில் விழுகிறது.

படி 2: சொல்லை இரண்டாக உடையுங்கள்

'வீன்பெரியெ' என்பதில் வீன் என்றால் ஒயின். ஒயின் பெர்ரி, ஆக திராட்சை. 'ஹிண்ட்பெரியெ' என்பதில் ஹிண்ட் பெண்மான். மான் பெர்ரி என்று அவர்கள் சொன்னது ராஸ்பெரியை. புதர்களுக்கும் இதே கதைதான். 'ஹகதோர்ன்' என்பதில் ஹக என்றால் வேலி, தோர்ன் முள். வேலிமுள்! நம்மூரில் சீமைக் கருவேலத்தை வேலிக்காத்தான் என்கிறோமே, அதே மூளைதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. இன்றைய ஹாதார்ன் செடி அதுதான்.

படி 3: தெரிந்த சொல்லைத்தான் அதிகம் சந்தேகப்படுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. 'எயோர்த்அப்பெல்' என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. எயோர்த் மண், அப்பெல் ஆப்பிள், பிரெஞ்சில் உருளைக்கிழங்கை மண் ஆப்பிள் என்றுதானே சொல்கிறார்கள், சரி, உருளைக்கிழங்கு என்று குறித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில் என்பது பிறகுதான் உறைத்தது. பைபிளின் எண்ணாகமத்தில், பாலைவனத்தில் அலையும் இஸ்ரவேல் மக்கள் எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயை நினைத்து ஏங்குவார்கள் இல்லையா, அந்த வெள்ளரிக்காய்க்குப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் கொடுத்த விளக்கம்தான் இந்த மண் ஆப்பிள்.

காரணம் எளிது. அன்றைக்கு 'அப்பெல்' ஒரு குறிப்பிட்ட பழத்துக்கு மட்டுமான பெயர் இல்லை, உருண்டையாகவோ சதைப்பற்றாகவோ இருந்த எதற்கும் அது ஒட்டிக்கொள்ளும், நாம் 'பழம்' என்று கடைசியில் சேர்ப்பது போல. பேரீச்சம்பழம் அவர்களுக்கு 'விரல் ஆப்பிள்'. இந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை: பைனாப்பிள் என்ற சொல் முதலில் குறித்தது பைன் மரத்தின் கூம்புக்காயை, அன்னாசி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது 17ஆம் நூற்றாண்டில்.

மெட்லர் என்று ஒரு பழம் உண்டு, அடிப்பக்கம் பிளந்து கிடக்கும். அதற்குப் பழைய பெயர் 'ஓபென்ஆர்ஸ்', அதாவது திறந்த பிட்டம். உடைத்துப் பார்த்தால் இப்படியும் சில கிடைக்கும், கூச்சப்படாதீர்கள்.

படி 4: இரவல் சொற்களைத் தனியாக வையுங்கள்

சில சொற்கள் உடையாது, ஏனென்றால் அவை லத்தீனிலிருந்து வந்தவை. பீச் பழத்துக்கு 'பெர்சொக்', பாரசீகத்துப் பழம் என்ற பொருளில். பறங்கிக்காரன் பெயரை ஒரு காய்க்கு வைத்தவர்கள் நாம், நமக்கு இது புதிதா என்ன! செர்ரிக்கு 'சிரிஸ்' என்று ஒரு சொல் இருந்து வழக்கொழிந்தது. பிறகு நார்மன் பிரெஞ்சிலிருந்து 'செரீஸ்' வந்தது. கடைசி 'ஸ்' பன்மை என்று நினைத்து மக்கள் அதை வெட்டிவிட, மிச்சம்தான் செர்ரி.

படி 5: அகராதியும் வரைபடமும்

பழைய ஆங்கிலச் சொற்களுக்கான பாஸ்வொர்த்-டோலர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழசுதான், முதன்மைத் தொகுதி 1898இல் முடிந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எந்த வாக்கியத்தில் வந்தது என்று காட்டுவதால் என்னைப் போல உருளைக்கிழங்கில் விழமாட்டீர்கள். கூடவே லண்டன் பக்கத்து வரைபடத்தைத் திறங்கள். பிளம்ஸ்டெட் என்றால் பிளம் விளைந்த இடம். ப்ரோம்லி என்றால் ப்ரூம் என்ற மஞ்சள் பூப்புதர் வளர்ந்த காட்டுவெளி. கென்ட் பகுதியில் ஆப்பிள்டோர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஆப்பிள் மரத்துக்கு 'அபுல்டொர்' என்று பெயர். அந்த ஊர்ப்பெயரை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.