படகில் 15 குதிரைவலு என்ஜினைக் கழற்றிவிட்டுப் பழைய 25 பூட்டப்போகிறீர்களா?

முகத்துவாரத்தால் வெளியே போகும்போது அலை நிமிர்ந்து வர, வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய படகு நகராமல் என்ஜின் மட்டும் கத்திக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில்தான் 25க்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். களப்புக்குள் மட்டும் தொழில் செய்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம், 15 தாராளம்.

சரி, முதல் வேலை என்ஜின் தேடுவது இல்லை. உங்கள் படகின் பின்பலகையைப் பாருங்கள். 15 குதிரை என்ஜின் கிட்டத்தட்ட 40 கிலோ, 25 என்றால் 50ஐத் தாண்டும், 40 என்றால் 70க்கு மேல். இந்தப் பாரமும் தள்ளுகிற விசையும் முழுக்க அந்தப் பலகையில்தான். வெளியே பைபர் மினுங்கினாலும் உள்ளே இருப்பது பிளைவுட், பழைய போல்ட் ஓட்டைகளால் தண்ணீர் இறங்கி அது வருடக்கணக்காக ஊறியிருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் சந்தேகம். சந்தேகமான இடத்தில் சின்னதாய் ஒரு ஓட்டை போட்டால் வருகிற தூளே சொல்லிவிடும்: காய்ந்த வெளிர் தூளா, கறுத்த ஈரச் சேறா என்று. உக்கியிருந்தால் உள்பக்க பைபரை வெட்டி, மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புது மரைன் பிளைவுட்டை ரெசினில் ஒட்டி மேலே பைபர் மாட் போட வேண்டும். மாரி மழையில் இதைத் தொடங்காதீர்கள், ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது. அப்புறம், பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடிவரை அளந்து வையுங்கள். 15 அங்குலம் என்றால் ஷோர்ட் ஷாஃப்ட், அதாவது குட்டைக் கால் என்ஜின், 20 என்றால் லோங், நெட்டைக் கால். இதை அளக்காமல் என்ஜின் வாங்கி, பிறகு பலகையை வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ஜின். விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். போனதும் என்ஜினின் தலையில் கை வையுங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். பிளக்கைக் கழற்றி, இரண்டு சிலிண்டரிலும் கேஜ் வைத்துக் கொம்பிரஷன், அதாவது உள்ளே அமுக்கும் அழுத்தம், பாருங்கள். எண் பெரிதா சின்னதா என்பதைவிட இரண்டும் சமமா என்பதுதான் பேச்சு, பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் திரும்பி வந்துவிடலாம். கியர் ஓயில் திருகைக் கொஞ்சம் இளக்குங்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர். புதுப் பெயின்ட் மினுங்கினால் இன்னும் கவனம். நான் அதில்தான் ஏமாந்தேன்: கீழ்க்காலில் உப்பு அரித்த குழிகளைப் பட்டி போட்டு மூடி அடித்திருந்தார்கள், ஒரே மாதத்தில் கியருக்குள் கடல். கடைசியாக ஒரு பீப்பாய்த் தண்ணீரில் ஓடவிடுங்கள், என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீச்ச வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் காட்ட விடவேண்டாம்.

என்ஜின் நம்பரும் ரசீதும் ஒத்துவராவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியபின் கடற்றொழில் பரிசோதகரிடம் சொல்லி, படகின் பதிவில் மாற்ற வேண்டியதைக் கேட்டு மாற்றுங்கள்.

பூட்டும்போது சரி நடுவில் வையுங்கள். புரொப்பெலருக்கு மேலே இருக்கிற தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுத்து என்ஜின் வீணாய்க் கத்தும். பிடித்திருகை மட்டும் நம்பாமல் ஊடுருவும் போல்ட் போட்டு, ஓட்டையைச் சீலன்ட்டால் அடைத்து, உள்பக்கம் பெரிய வாஷர் வையுங்கள். சங்கிலியும் கட்டுங்கள். பின்னால் பாரம் கூடிவிட்டதால் எண்ணெய்க் கேனையும் நங்கூரத்தையும் முன்னால் அணியப் பக்கம் நகர்த்த வேண்டிவரும். தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரை, நன்றாக இருந்தாலும் புதிதாக மாற்றிவிடுங்கள், மலிவான சாமான்தான்.

முதல் ஓட்டம் களப்பில். பெற்றோல்-ஓயில் கலவை 50க்கு 1 என்றால் லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி ஓயில். நிறுத்தும் கயிறு கையில் இருக்கட்டும். முழுதாய்த் திருகியும் சுற்று ஏறாவிட்டால் புரொப்பெலரின் பிச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) கூடுதல், அதை ஒரு அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று கூடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, ஸ்பானரை எடுத்து அந்த போல்ட்களை இன்னொருதரம் இறுக்குங்கள். என்னுடையது கால் சுற்று போனது.