முதல் குடத்தில் மட்டும் பாசி வாடை

எங்கள் தெரு ஆர்.ஓ. குடிநீர்க் குழாயில் காலையில் பிடிக்கும் முதல் குடம் மட்டும் பாசி வாடை அடிக்கும், அப்புறம் இருக்காது. டிடிஎஸ் மீட்டரில் குறையில்லை. ஆனால் அது உப்பைத்தான் காட்டும், கிருமியை அல்ல. தொட்டியைக் கழுவி, கார்பன் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு எல்லாம் மாற்றியும் பயனில்லை.

குழாய் வாயில் கேன் பிடிக்கச் செருகிய டியூப்தான் காரணம். தரையில் படக்கூடாதென்று அதன் முனையை யாரோ ஆணியில் மாட்டியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வளைவில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்றது. கிருமி வளராமல் தடுக்கும் குளோரினைக் கார்பன் ஃபில்டர் முன்பே எடுத்துவிடும். யுவியைத் தாண்டியபின் கிருமி சேர்ந்தால் தடுக்க எதுவுமில்லை. விரலை விட்டால் உள்ளே வழவழவென்று கொழகொழப்பு.

டியூபைத் தூக்கிப்போட்டு, குழாயைக் கழற்றி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரில் அரைமணி ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டினேன். வாடை போயே போச்சு. கேன்காரர்கள்தான் டியூப் கேட்டு முணுமுணுக்கிறார்கள்.