9090 போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள்? புரோமிதியஸ் தொடங்க மறுக்கும்போது செய்ய வேண்டியவை

சர்வர் கண்காணிப்புக்காகப் புரோமிதியஸை நிறுவி, சர்வீஸைத் தொடங்கியதும் அது நின்றுவிட்டால், முதலில் ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் லாகைப் (பதிவேட்டை) படியுங்கள். அதில் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்ற வரி இருந்தால், புரோமிதியஸுக்கு வேண்டிய 9090 போர்ட்டை (பிணைய இணைப்புகளுக்கான வாசல் எண்ணை) வேறொரு நிரல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஃபெடோரா சர்வரில் எனக்கு இதுதான் நேர்ந்தது. உலாவியில் 9090-ஐத் திறந்தபோது ஒரு நுழைவுப் பக்கம் வந்ததால், புரோமிதியஸ்தான் கடவுச்சொல் கேட்கிறது என்று நெடுநேரம் நம்பியிருந்தேன். உண்மையில் அது காக்பிட் என்னும் நிர்வாகக் கருவியின் பக்கம். அதற்கும் இயல்பான போர்ட் 9090தான்.

படி 1: பிடித்திருப்பவரைக் கண்டுபிடித்தல்

திறந்திருக்கும் போர்ட்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் புராசஸ்களையும் (ஓடும் நிரல்களையும்) காட்டும் எஸ்எஸ் கட்டளையை எல், டி, என், பி ஆகிய நான்கு தெரிவுகளுடன் இயக்குங்கள். பழைய நெட்ஸ்டாட்டைவிட இதையே பரிந்துரைக்கிறேன். புதிய லினக்ஸ்களில் பெரும்பாலும் இது தயாராகவே இருக்கும். முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோவைச் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் பிற பயனர்களின் புராசஸ் பெயர்கள் வெற்றிடமாகவே தெரியும்.

படி 2: சாக்கெட்டை அடையாளம் காணுதல்

நான் தடுமாறிய இடம் இது. 9090-க்கு நேராகக் காக்பிட்டின் பெயர் வரும் என்று எதிர்பார்த்தால், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும், புராசஸ் எண் 1 கொண்ட சிஸ்டம்டியின் பெயரே வந்து நின்றது. காக்பிட் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அதன் சார்பில் சிஸ்டம்டி போர்ட்டைத் திறந்து காத்திருந்து, யாராவது இணைந்த பிறகே காக்பிட்டை எழுப்புகிறது. ஆகவே காக்பிட் சர்வீஸை எத்தனை முறை நிறுத்தினாலும் போர்ட் விடுபடாது. போர்ட்டைத் திறந்து வைக்கும் காக்பிட் சாக்கெட் என்ற தனி யூனிட்டைத்தான் (சிஸ்டம்டி நிர்வகிக்கும் அலகு) கையாள வேண்டும். புராசஸ் எண் 1 என்று கண்டவுடன் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் லிஸ்ட்-சாக்கெட்ஸ் பட்டியலைப் பாருங்கள். எந்தப் போர்ட் எந்த யூனிட்டுக்கு உரியது என்பது அங்கே தெளிவாக இருக்கும்.

படி 3: யாரை நகர்த்துவது?

காக்பிட்டை நகர்த்துங்கள் என்பதே என் உறுதியான கருத்து. புரோமிதியஸின் முகவரி, அதன் தரவை வரைபடங்களாகக் காட்டும் கிராஃபானாவின் தரவு மூலத்திலும், புரோமிதியஸ் தன்னையே கண்காணிக்கும் அமைவுக் கோப்பிலும் எழுதப்பட்டிருப்பதால், அதை மாற்றினால் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். புதிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது, புரோமிதியஸின் துணைக் கருவிகளுக்கு இயல்பான 9091 (புஷ்கேட்வே), 9093, 9094 (அலர்ட்மேனேஜர்), 9100 (நோட் எக்ஸ்போர்ட்டர்) ஆகியவற்றைத் தவிருங்கள். நான் 9595-ஐ எடுத்துக்கொண்டேன்.

படி 4: மாற்றுதல்

சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் காக்பிட் சாக்கெட்டைத் திறந்து, சாக்கெட் பகுதியின்கீழ் லிசன்ஸ்ட்ரீம் என்ற வரியை இரண்டு முறை எழுதுங்கள். முதல் வரியில் சமக்குறிக்குப் பின் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாம் வரியில் 9595 இருக்க வேண்டும். வெற்று வரி தேவையற்றது என்று எண்ணி நான் அதை நீக்கிவிட்டதால், காக்பிட் 9090, 9595 இரண்டையுமே பிடித்துக்கொண்டது. இந்த வரிகள் பழைய பட்டியலை மாற்றுவதில்லை, அதனுடன் சேர்க்கின்றன. வெற்று வரியே பட்டியலை முதலில் அழிக்கிறது.

எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பு செயல்பாட்டில் இருந்தால், செமனேஜ் போர்ட் கட்டளையால் 9595-ஐ, காக்பிட்டுக்கு அனுமதிக்கப்பட்ட வெப்எஸ்எம் போர்ட் வகையில் சேர்த்த பின்னரே சாக்கெட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு முதல் படியின் கட்டளையை மீண்டும் இயக்கி, 9090 காலியானதை உறுதிசெய்துகொண்டு புரோமிதியஸைத் தொடங்குங்கள்.

பின்னர் சேர்த்தது

நிரல்களைக் கண்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இயக்கிய ஒருவருக்கு, சிஸ்டம்டிக்குப் பதிலாக டாக்கர்-பிராக்ஸி என்ற பெயர் வந்தது. அந்தப் புராசஸை நிறுத்த முயலாமல், டாக்கர் பிஎஸ் பட்டியலில் எந்தக் கண்டெய்னர் 9090-ஐ வெளியிட்டிருக்கிறது என்று பாருங்கள். போர்ட் இணையில் இடப்பக்க எண்ணே சர்வருக்குரியது. அதை மட்டும் மாற்றினால் போதும், வலப்பக்க எண் கண்டெய்னருக்கு உள்ளே இருப்பது.

மற்றொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். ஃபெடோராவின் ஃபயர்வாலான ஃபயர்வால்டியில் காக்பிட் என்ற பெயரில் தரப்பட்ட அனுமதி உண்மையில் 9090-ஐத் திறந்து வைக்கிறது. காக்பிட் வெளியேறிய பிறகும் அந்த அனுமதி அப்படியே இருப்பதால், இயல்பாகக் கடவுச்சொல் கேட்காத புரோமிதியஸ் வெளியுலகுக்குத் திறந்துவிடுகிறது. அந்த அனுமதியை நிரந்தரமாக நீக்கி, 9595-ஐச் சேர்த்து, ஃபயர்வாலை மறுபடி ஏற்றுங்கள். கிராஃபானாவும் அதே சர்வரில் இருந்தால், புரோமிதியஸை 127.0.0.1 (அதே சர்வரைக் குறிக்கும்) முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.