பழைய கிட்டாரில் முதலில் பசையைப் பாருங்கள்

இப்போது என் மடியில் இருக்கும் கிட்டார் ஒரு பரணில் கிடந்தது. கம்பி மூன்றுதான் மிச்சம். கம்பிகளை மேல்பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையை விட்டு எழும்பியிருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே லேபிளின் ஒரு மூலை மட்டும் தங்கியிருந்தது, அதிலும் எழுத்து இல்லை. "சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்" என்றார் கொடுத்தவர். நான் ஒலித்துளைக்குள் கையை விட்டு, பலகையைத் தாங்கும் உள்கட்டைகளைத் தடவினேன். கண்ணாடித் தூள் மாதிரி பழுப்பாக ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வஜ்ஜிரம்! அங்கேயே வாங்கிவிட்டேன்.

தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல் பசைக்குத்தான் ஹைட் க்ளூ என்று பெயர். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். எத்தனை வருடம் கழித்தும் ஒட்டிய மூட்டுகளைப் பொறுமையாகத் திறக்கலாம், பழைய பசையின் மேலேயே புதியதும் பிடிக்கும். வெள்ளைப் பசைக்கு அந்தக் குணம் இல்லை. காய்ந்ததன் மேல் மறுபடி பூசினால் நிற்காது, முழுக்கச் சுரண்டி எடுத்தாக வேண்டும். இரண்டு திரவத்தைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி இன்னும் மோசம். நான் முதன்முதலில் கைவைத்த கிட்டாரில் பிரிட்ஜை எபாக்ஸியால் ஒட்டினேன். இரண்டு வருடத்தில் மறுபடி எழும்பியது. கழற்றும்போது மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மர நாரும் சேர்ந்து பிய்ந்து, பலகையில் குழி விழுந்துவிட்டது. அந்தக் கிட்டாரை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அதனால் எந்தக் கிட்டாரிலும் என் முதல் வேலை, முன்பு பழுது பார்த்தவர் எந்தப் பசையைப் போட்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. வெளியே தெரியாத ஓரிடத்தில், காய்ந்த பசைத் துளியின் மேல் வெந்நீரில் தோய்த்த பஞ்சை ஐந்து நிமிடம் வையுங்கள். வஜ்ஜிரம் என்றால் வழுவழுவென்று பிசுபிசுக்கும். வெள்ளைப் பசை பால் நிறமாகி ரப்பர் மாதிரி ஆகும். எபாக்ஸி அசைந்தே கொடுக்காது. எபாக்ஸி போட்ட மூட்டு நிறைய இருந்தால், எவ்வளவு அழகான கிட்டாராக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

பார்க்கப் போகும்போது நீளமான இரும்பு ஸ்கேல், சிறிய டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி, கொஞ்சம் மெல்லிய காகிதம், இவை போதும். வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சுலபமான வேலை. பயப்பட வேண்டியது நெக்கின், அதாவது கிட்டாரின் கழுத்தின், கோணத்துக்கு. ஸ்கேலை ஃப்ரெட்களின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) மேல் நெடுக்காக வைத்து பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். நுனி பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட்டாலோ சற்று மேலே போனாலோ நல்லது. பிரிட்ஜின் நெற்றியில் பாதியில் போய் இடித்தால், வருடக்கணக்கான கம்பி இழுப்பில் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய ஃப்ரெட் ஒன்றைக் கழற்றி, துளை போட்டு, மூட்டுக்குள் நீராவி செலுத்தி நெக்கையே பிரிக்க வேண்டும். கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை, வீட்டில் முயலாதீர்கள்.

பிரிட்ஜில் கம்பியை ஊசி போன்ற பின்களால் பிடித்திருக்கிறதா, முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். முடிச்சுப் போடும் வகை நைலான் கம்பிக்காகச் செய்தது. அதில் யாராவது எஃகுக் கம்பி மாட்டியிருந்தால் மேல்பலகை பானை வயிறு மாதிரி உப்பியிருக்கும். ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும், நைலான் 40 கிலோதான். அந்த வித்தியாசத்தைத் தாங்க அதற்குள் கட்டை இல்லை.

அப்புறம் கண்ணாடியை உள்ளே விடுங்கள். கட்டைகள் எக்ஸ் வடிவில் பின்னியிருக்கின்றனவா, ஏணிப்படி மாதிரி குறுக்கே போகின்றனவா? அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி எக்ஸ் வடிவத்துக்கு மாறியது 1840களில். சிகாகோவின் ஹார்மனி, கே போன்ற கம்பெனிகள் மலிவு விலைக் கிட்டார்களுக்கு ஏணிக் கட்டையே வைத்தன. என்னுடையதும் ஏணிதான். அதன் ஒலியில் ஒரு வறண்ட, நேரடியான குரல் இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மார்ட்டின் என்று சொல்லி விற்றால், நெக் கட்டையில் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1898 முதல் அவர்கள் எண் போட்டார்கள். முதுகுப் பலகை பிரேசில் ரோஸ்வுட் என்று சொன்னால் இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது, உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கம்பியைத் தளர்த்திவிட்டு எதையும் ஒட்டாமல் காத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் கஷ்டமான கட்டம் இதுதான். காய்ந்து சுருங்கிய மரத்தில் வெடிப்பை அப்படியே ஒட்டினால், பிறகு பக்கத்திலேயே இன்னொன்று விடும். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சை வைத்து, கிட்டாரோடு பெட்டிக்குள் மூடி வைத்தேன். ஸ்பாஞ்ச் சொட்டக் கூடாது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். 12 நாளில், நகம் நுழைந்த வெடிப்பு மயிரிழையாக மூடிக்கொண்டது.

வஜ்ஜிரத் துகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் பலம் போய்விடும். வெடிப்பின் மேல் பசையைத் தடவி, உள்ளிருந்து விரலால் மெல்ல மெல்ல அழுத்திவிட்டால் அது தானாகவே இறங்கும். உள்பக்கம் பசை எட்டிப்பார்த்ததும் துடைத்து, கிளாம்ப் போட்டுவிடுங்கள். மறுநாள் உள்ளே வெடிப்பின் மேல் சிறு ஸ்ப்ரூஸ் சில்லுகளை ஒட்ட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் போதும், ஆனால் சில்லின் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். பெரிய சில்லு வைத்தால் பலகையின் அதிர்வு அடங்கிப்போகும். மேல்பலகையை விரல் கணுவால் தட்டினால் எங்காவது 'சர்ர்' என்று ஒலிக்கும், அங்கே கட்டை விட்டிருக்கிறது. காகிதத்தைச் செருகி எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதே பசையை ஊட்டுங்கள்.

பிரிட்ஜுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதலில் அதன் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில பிரிட்ஜ்களில் முத்துப் புள்ளிக்கு அடியில் போல்ட் ஒளிந்திருக்கும், அதைப் பார்க்காமல் நெம்பினால் பலகை கிழியும். சுற்றியுள்ள லாக்கர் மேல்பூச்சை அட்டையால் மறைத்து, பிரிட்ஜை மட்டும் சூடாக்கி, மழுங்கிய மெல்லிய கத்தியை வழுக்க விடுங்கள். நார் எழும்பினால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். பழைய பசையை வெந்நீரில் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், இரண்டு மரமும் ஒட்டி உட்காரும் தளத்தை அது கெடுத்துவிடும். வஜ்ஜிரம் ஒரு நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கும், அதனால் பசை இல்லாமல் கிளாம்ப் போடுவதை மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன். ஹேர் டிரையரால் இரண்டு பக்கத்தையும் சூடாக்கி, பூசி, பொருத்தி, 24 மணி நேரம் தொடவில்லை.

மேல்பூச்சைத் தொடாதீர்கள். கைபட்டுத் தேய்ந்த இடமும் மஞ்சளான லாக்கரும் அந்தக் கிட்டாரின் வயது. பளபளப்பாக்கினால் அதுவும் போகும், மதிப்பும் போகும். லேசான ஈரத்துணி போதும். சிலிகான் கலந்த பாலிஷைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம், பிறகு எந்தப் பூச்சும் அதன் மேல் பிடிக்காது. கம்பியை முறுக்கும் ட்யூனர் இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

10இல் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு) தொடங்கும் மிக மெல்லிய கம்பிச் செட்டை மாட்டி, முழு ஸ்வரம் ஒன்று குறைத்து ஒரு நாள் விட்டேன். மறுநாள் காலையில் பிரிட்ஜின் பின்னால் காகிதத்தைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. பிறகுதான் சரியான சுருதிக்கு ஏற்றினேன். 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் வந்தது. எந்த மூட்டில் எந்தப் பசை, என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி, லேபிள் மூலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதையும் வஜ்ஜிரத்தால்தான்.