மால்டா ஜாஸ்காரர்களைத் தேடும்போது செய்யும் தவறுகள்

மத்தியதரைக் கடல் தீவான மால்டாவின் ஆரம்பகால ஜாஸைத் தோண்ட வருகிறவர்கள் தவறாமல் அதே குழியில் விழுகிறார்கள். தேதியைச் சரிபார்ப்பது மாதிரியான பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஆளை ஐந்து ஆளாக்குவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு சாக்ஸபோன்காரர் ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீனில் யோசேபுஸ். 1934 வரை இத்தாலியமும் ஆட்சிமொழி, எனவே அரசாங்கப் பதிவில் ஜுசெப்பே. பாஸ்போர்ட்டில் ஜோசப், நடனக்குழு விளம்பரத்தில் ஜோ, வீட்டில் ஜுஸே. இப்படி ஐந்து பேரைப் பட்டியலிட்டு, "பெரிய குழு" என்று எழுதிவிடுகிறார்கள்!

குடும்பப் பெயரும் சும்மா இருக்காது. 'ஷ்' ஒலியை மால்டா மொழி 'எக்ஸ்' எழுத்தால் குறிக்கும். இத்தாலிய முறையில் அது எஸ்-சி-ஐ. ஷிபெராஸ் குடும்பத்தை ஓர் எழுத்தின் கீழ் மட்டும் தேடினால் பாதிப்பேர் காணாமல் போவார்கள்.

வெளிநாட்டில் இன்னும் மோசம். அன்று மால்டாக்காரர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அலெக்சாந்திரியாவில் இறங்கியவரைப் பயணிகள் பட்டியல் 'பிரிட்டிஷ்' என்றே காட்டலாம். துனிசியாவில் பிறந்த மால்டா வம்சத்தவர் பலர் 1923 சட்டத்தால் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். 'மால்டா' என்ற சொல்லை மட்டும் தேடுகிறவர் கையில் என்ன கிடைக்கும்?

பெயர் கிடைக்கும்போதெல்லாம் ஒரு குறிப்பட்டை போட்டு, தகப்பன் பெயர், தாயின் பிறந்தகப் பெயர், பங்குக்கோயில் மூன்றையும் அதில் எழுதுங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தும்வரை அட்டைகளை ஒரே ஆளாகச் சேர்க்காதீர்கள். இசைக்கருவியை அடையாளமாக நம்ப வேண்டாம்: நடனக்குழுவில் ஒருவரே வயலினும் சாக்ஸபோனும் வாசிப்பது சாதாரணம்.

இத்தாலியப் பெயரெல்லாம் மால்டா

இல்லை. 1917இல் அமெரிக்காவில் ஜாஸ் இசைத்தட்டு பதிந்த நிக் லரோக்காவின் பெற்றோர் சிசிலிக்காரர்கள்.

மால்டாவில் வாசித்தவரெல்லாம் மால்டாக்காரர்

அதுவும் இல்லை. வயலின்காரர் ஜூஸ் வில்சன் செயின்ட் லூயிஸில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். அமெரிக்க இசைக்குழுத் தலைவர் நோபிள் சிஸ்ஸிலின் குழுவோடு ஐரோப்பா வந்தவர், 1937இல் மால்டாவுக்குப் போய் 1954 வரை அங்கேயே இருந்தார்.

தெருவுக்கு ஒரே பெயர் என்று நினைப்பது

தலைநகர் வல்லெட்டாவின் ஸ்ட்ரெயிட் ஸ்ட்ரீட், இத்தாலியத்தில் ஸ்த்ராதா ஸ்த்ரெத்தா, பிரிட்டிஷ் மாலுமிகள் வாயில் 'தி கட்' (The Gut, அதாவது குடல்). மூன்றும் ஒரே சந்து.

இசைத்தட்டு இல்லையென்றால் இசையே இல்லை

புகைப்படத்தைப் பாருங்கள். பெரிய டிரம்மின் முகத்தில் குழுவின் பெயர் தீட்டியிருக்கும். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் ஓரத்தை வெட்டி, முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, அந்த இரண்டையும் தொலைத்துவிடுகிறார்கள்.